கீழ் நிலையத்தின் எண்ணிக்கை

யோசப் வருகிறான் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு லிஃப்ற்றின் கூரைமேல் நின்றிருந்தேன். ஸ்காபரோவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ற் திருத்துகிறவர்கள் பெட்டிக்குள் நின்று செய்யும் வேலை குறைவு. கூரைமேல் ஏறி, பெட்டியை ஆமை வேகத்தில் நகர்த்தியபடி, கம்பிவடங்களையும் பக்கச் சட்டங்களையும் பார்த்துக்கொண்டே போவோம். பாதி வழியில் எதிர்ப்பாரம் என்னைக் கடந்து கீழே இறங்கியது. தினமும் லிஃப்ற்றில் போய்வருகிறவர்களுக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பெட்டியைத் தூக்கும் வடம் மேலே ஒரு பெரிய சக்கரச் சில்லைச் சுற்றி மறுபக்கம் இறங்குகிறது. அந்த நுனியில் இரும்புக் கட்டிகள் அடுக்கிய ஒரு சட்டம் தொங்குகிறது. வெறும் பெட்டியின் பாரமும், அதில் ஏறக்கூடிய ஆட்களின் பாரத்தில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்ததுதான் அதன் பாரம். ஆகவே மோட்டார் முழுப் பெட்டியையும் தூக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும். பெட்டி மேலே போனால் அது கீழே போகும். பெட்டிக்குள் விளக்கும் கண்ணாடியும் இருக்கும். எதிர்ப்பாரம் இருட்டுக்குள், சுவரோடு சுவராக ஓடும்.

போன் அடித்தது. மனைவி மலர்.

"என்னப்பா, யோசப் வாறானாம்."

"எந்த யோசப்?" என்றேன். எந்த யோசப் என்று எனக்குத் தெரியும்.

"எத்தினை யோசப்பை எனக்குத் தெரியும்? மலை ரயில் யோசப். தமக்கையின்ர மகளின்ர கலியாணத்துக்கு வந்து ரெக்ஸ்டேலில நிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிப்போட்டன். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வருவீங்கள்தானே?"

நாங்கள் இருப்பது அஜக்ஸில். ரெக்ஸ்டேல் ரொறொன்ரோ நகரத்தின் மற்றக் காது. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து போய்வரவேண்டும்.

"கூட்டிக்கொண்டு வாறன்," என்றேன். "யூலைக் கதையும் அவன் கதைப்பானோ?"

"கதைச்சா என்னப்பா? நீங்கள்தானே லீவு இல்லையெண்டு சொல்லிப்போட்டியள். நான் தனியப் போனாலும் போவன்."

யூலைக் கதை இதுதான். ஜேர்மனியில் ஒரு குளியல் ஊர். மருந்துத் தண்ணீர் ஊறும் ஊர் என்பதால் பெயரிலேயே குளியல் இருக்கிறது. அந்தப் பெயரை நான் வீட்டில் உச்சரிப்பதில்லை, இங்கேயும் எழுதவில்லை. அங்கே மலையேறும் ரயிலுக்கு வடம் மாற்றுகிறார்கள். மாற்றி முடிந்து யூலையில் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, முன்பு வேலை செய்தவர்களை முதல் ஓட்டத்தில் ஏற்றுகிறார்களாம். மலர் கனடாவுக்கு வருமுன் அந்த ஊரில் தமையன் குடும்பத்தோடு அகதியாக இருந்தவள். அந்த ரயிலின் கீழ் நிலையத்தில் வேலை செய்தவள். மேல் நிலையத்தில் வேலை செய்தவன் யோசப், மன்னார்ப் பெடியன். அவள் இங்கே வந்து என்னைக் கட்டினாள். அவன் அங்கேயே நின்றுவிட்டான், அதே ரயிலில்.

நான் யோசப்பைக் கண்டதில்லை. ஆனால் அவனுடைய ரயிலைப் பற்றி இந்த நகரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க முடியாது. வேலையிடங்களில் மதியச் சாப்பாட்டு நேரம் வான் வண்டிக்குள் இருந்து, ஜேர்மன் பக்கங்களைப் போனில் தமிழாக்கித் தமிழாக்கி வாசித்திருக்கிறேன். ஒரு ஆளைப் பற்றி மனைவியிடம் கேட்க முடியாத கேள்விகளை ஒரு ரயிலைப் பற்றி யாரிடமும் கேட்கலாம்.

அந்த ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பணக்கார நோயாளிகள். காலையில் ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறி நடக்கவேண்டும் என்பது வைத்தியர்களின் கட்டளை. ஆனால் குடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் கால்வீங்கிகள், மற்றப் பாதி மூச்சுமுட்டுக்காரர். அவர்களைக் கழுதைகள் சுமந்தன. மலைமேல் ஒரு ஹொட்டல்காரன் இருந்தான். கழுதையில் வந்து இறங்குகிறவனுக்குச் சாப்பாட்டில் மனம் போகாது என்று கண்டு, ஒரு ரயில் போட நினைத்தான். நிலக்கரி ரயில் வேண்டாம், புகை எங்கள் நோயாளிகளின் நெஞ்சுக்குக் கூடாது என்று வைத்தியர்கள் மறித்தார்கள். பொறியியலாளர் ஒருவர் வந்து மலைமேல் ஓடிய ஓடையைப் பார்த்துவிட்டு, நெருப்பு வேண்டாம், தண்ணீரே போதும் என்றார்.

பொறுமையாகச் சொல்கிறேன், விளங்கும். இரண்டு பெட்டிகள். ஒன்று மலையுச்சியில், மற்றது அடிவாரத்தில். இரண்டையும் ஒரே வடம் பிணைக்கிறது. வடம் உச்சியில் ஒரு சில்லைச் சுற்றிப் போகிறது. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஓடைத் தண்ணீரை நிரப்பினால் அது பாரமாகிக் கீழே இறங்கும். இறங்கும்போதே கீழே நின்ற பெட்டியை மேலே இழுக்கும். அடிவாரம் வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடும். இப்போது மேலே போய்ச் சேர்ந்த மற்றதில் நிரப்பவேண்டியது. மோட்டார் இல்லை. நடுவே பல் வைத்த ஒரு தண்டவாளம். அதில் பல்சில்லு கடிக்கும், பிரேக்காரன் வேகம் கூடாமல் பிடிப்பான். பாதை ஒன்றுதான், ஆனால் சரி பாதியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். ஒரு பெட்டி எப்போதும் இடப்பக்கம், மற்றது எப்போதும் வலப்பக்கம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில் இரண்டும் சந்தித்து, யன்னலுக்கு யன்னல் பார்த்து, பிரியும்.

எங்கள் எதிர்ப்பாரத்துக்கு யன்னல் இல்லை. அவர்களுடையதற்கு இருக்கிறது. இதை முதன்முதல் விளங்கிக்கொண்ட அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் போனபின் பெண்கள் பிரேக் பிடித்தார்கள். இரண்டாவதன் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் காசில்லாமல் ஏறினார்கள். பிறகு, காப்புறுதிக்காரர் குளியல் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பதைக் குறைக்க, நோயாளிகள் வராமல் போனார்கள். ஹொட்டல்கள் வெறுமையாகின. வெறும் ஹொட்டல்களுக்கு அரசாங்கம் அகதிகளைக் கொண்டுவந்து விட்டது. ஒரு ஊருக்கு நோயாளிகள் வராமல் போனதால்தான் என் மனைவி அங்கே போனாள். இத்தனை பேருடைய கால்வீக்கத்துக்கும் யுத்தத்துக்கும் காப்புறுதிக்கும் பிறகு கடைசியில் வந்து நிற்பது மலரும் யோசப்பும், வடத்தின் இரண்டு நுனிகளில்.

எவ்வளவு தண்ணீர் நிரப்புவது என்று மேலே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? கீழே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று யாராவது சொல்லவேண்டும். அதற்கு இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஒரு ரெலிபோன். கீழே இருப்பவர் எண்ணிச் சொல்வார், மேலே இருப்பவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்வார். அப்போதுதான் குழாய் திறபடும். மலரின் வேலை பெட்டி கூட்டுவதும் ஆட்களை எண்ணுவதும். அவள் இன்றும் எண்ணுகிறாள். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் "அஞ்சு" என்பாள். பார்த்தால் ஐந்து பேர் நிற்பார்கள். கோயில் மண்டபத்தில், சாப்பாட்டு மேசையில், லிஃப்ற்றுக்குள்கூட, வாய்க்குள் ஒரு எண் சொல்வாள். கலியாணம் கட்டிய புதிதில் எனக்கு அது பெரிய வடிவாக இருந்தது. இப்போது அவள் அஜக்ஸில் ஒரு மருந்துக்கடையில் குளிசை எண்ணுகிறாள். தட்டில் குளிசைகளைக் கொட்டி, தட்டைக் கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணவேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு குளிசை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது யோசப் தமக்கை வீட்டு வாசலில் ஒரு பெரிய சொக்லேற் பெட்டியோடு நின்றான். கட்டையன். வழுக்கை. சிரித்தால் வயிறும் சேர்ந்து குலுங்கியது. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. வடிவான ஒருவனிடம் தோற்பதற்கு ஒரு காரணமாவது இருக்கும்.

"அண்ணையும் வடத்தில தொங்குற தொழிலாமே," என்றபடி சீற் பெல்ற்றைப் போட்டான். "அப்ப நாங்கள் ஒரு குடும்பம்."

வழியெல்லாம் ரயிலைப் பற்றிக் கேட்டேன். பல்சில்லு எப்போது மாற்றுவீர்கள், குளிரில் தொட்டி உறையாதா, கீழே விட்ட தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுகிறீர்களா. அவன் ஆச்சரியப்பட்டான். தன் பெண்சாதி இத்தனை காலத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லையாம். இரண்டு மகன்மாரும் பெர்லினில் கொம்பியூற்றர் வேலையாம். ஒவ்வொரு பதிலையும் ரசித்துச் சொன்னான், நானும் என்னை மறந்து ரசித்தேன் என்பதுதான் வெட்கம். பனிக்காலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் உறைந்தால் அது ரயில் அல்ல, சிலை என்றான். இருவரும் சிரித்தோம். யங் தெருவைத் தாண்டியதும் வாகனங்கள் இறுகி நின்றன. அப்போது மெதுவாகக் கேட்டேன்.

"மலர் வேலையில எப்பிடி?"

"தங்கமான வேலைக்காரி. ஆனா அண்ணை, கோவிக்கக் கூடாது. எண்ணத் தெரியாது."

"எண்ணத் தெரியாதோ?"

"சத்தியமா. நாலு எண்டுவா. நானும் நாலெண்டு சொல்லி நாலு பேருக்குத் தண்ணி விடுவன். பிரேக்கை விட்டா பெட்டி அசையாது. கீழ எட்டுப் பேர் இருப்பினம்! பிறகு நான் போன் அடிக்கவேணும். தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமா விட விட, அவ லைனில நிக்கவேணும், கீழ பெட்டி ஆட்டங் குடுத்த உடன சொல்லுறதுக்கு. அதுவரைக்கும் ஏதும் கதைச்சுக்கொண்டு நிப்பம். எங்கட பொறுப்பாளர், ஒரு கிழவி, சரியான கண்டிப்பு. போனில நம்பரைத் தவிர ஒரு சொல்லுக் கதைக்க விடா. ஆனா ரயில் நிண்டா அவவும் என்ன செய்யிறது?"

"என்ன கதைப்பியள்?"

"என்னத்தை அண்ணை. என்ன சமைச்சனி, மேல மழை கொட்டுதோ, ஊரிலயிருந்து கடிதம் வந்ததோ. உதுகள்தான். வேற எங்க கதைக்கிறது? அவவின்ர தமையன் சன்னதமாடுற ஆள். வேதக்காரப் பெடியனோட தங்கச்சி றோட்டில நிண்டு கதைச்சா வெட்டிப்போடுவான்." அவன் தலையை ஆட்டிச் சிரித்தான். "பாவம், கிழமையில ரெண்டு மூண்டு தரம் பிழைக்கும். ஒருநாளும் கூட்டிச் சொல்ல மாட்டா. குறைச்சுத்தான் சொல்லுவா. கிழவியிட்டை எவ்வளவு ஏச்சு வாங்கினா தெரியுமே?"

முன்னால் நின்ற லொறியின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிச் சொன்னால் என்ன நடக்கும்? தண்ணீர் கூடும், பெட்டி கொஞ்சம் வேகமாக இறங்கப் பார்க்கும், பிரேக்காரன் பிடிப்பான். ரயில் ஓடும், போன் அடிக்காது. குறைத்துச் சொன்னால்தான் ரயில் நிற்கும். எண்ணத் தெரியாதவள் இரண்டு பக்கமும் பிழைவிடுவாள். ஒரே பக்கம் மட்டும் பிழைக்கிறவளுக்கு எண்ணத் தெரியும். லிஃப்ற்றில் பிழையான எடைகாட்டியை நாங்கள் திருத்துவது இப்படித்தான்: எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதென்றால் அது பழுது இல்லை, யாரோ அப்படி வைத்திருக்கிறார்கள்.

அருகே இருந்த மனிதனைத் திரும்பிப் பார்த்தேன். சொக்லேற் பெட்டியை மடியில் வைத்து அதன் ரிபனைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக அவனுக்குத் தெரியாது. அவள் கிழவியிடம் ஏச்சு வாங்கிச் சேர்த்த அந்தப் பேச்சையெல்லாம் ஒரு பெட்டையின் கணக்குப் பிழை என்று நினைத்து, அதைப் பகிடியாக்கி ஊர் ஊராகக் காவிக்கொண்டு திரிகிறான். அவன் அறிந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திராது. எனக்காக அவள் ஒரு எண்ணையாவது பிழையாகச் சொல்லியிருக்கிறாளா? என்னோடு எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு குளிசை கூடவில்லை, குறையவில்லை.

வீட்டில் கணவாய்க் கறி மணந்தது. எனக்குக் கணவாய் ஒத்துவராது. எங்கள் அடுப்பில் அது ஏறியதே இல்லை. மகள் மயூரி ரொறொன்ரோவிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். யோசப்பைக் கண்டதும் மலர் கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் சேலை உடுப்பதில்லை.

"என்னடா, மொட்டையா வந்து நிக்கிறாய்?"

"நீ மட்டும் என்னவாம்? தலைக்கு மை பூசினா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

நான் அவளை 'நீர்' என்று கூப்பிடுகிறவன். அவள் எனக்கு 'நீங்கள்'. ஒரு மரியாதை. அந்த மரியாதையின் நீளம் எவ்வளவு என்று அன்றுதான் அளந்தேன். அவர்கள் இருவருக்கும் இடையே அது துளியும் இல்லை.

மலர் குசினிக்குள் போய்ச் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல் வாய்க்குள், "நாலு."

"நாலு," என்றான் யோசப், சோபாவில் சாய்ந்தபடி, போனில் மயூரிக்கு ஏதோ படம் காட்டிக்கொண்டே. தலையைக்கூடத் தூக்கவில்லை. தும்மியவருக்கு 'நூறு' சொல்வதுபோல வந்தது.

கோப்பைச் சத்தம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது.

அந்த எண்ணுக்கு ஒரு பதில் இருக்கிறது என்பதை நான் அத்தனை பக்கங்களிலும் வாசித்திருந்தேன். வாசித்ததை என் வீட்டோடு பொருத்திப் பார்க்கவில்லை. அவள் எண்ணி முடித்து ஒரு நொடி நிற்பதை நான் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவள் நின்றது கேட்பதற்கு.

மேசையில் யோசப் என் கோப்பைக்குக் கோழிக்கறி தள்ளினான், தன் வீடுபோல. மயூரி அவன் போனில் இருந்த ரயிலைப் பார்த்து, "ஸோ க்யூட், அங்கிள்! அப்பா, யூலையில நாங்களும் போவமே?" என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். மயூரி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா இஸ் ஜெலஸ். அவருக்கு உந்த ரயில் ஃபிக்ஸ் பண்ண ஆசை," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"வந்தா உன்ர அம்மாவை மட்டும் எண்ண விடக்கூடாது," என்றான் யோசப். "ரயில் நிண்டுபோகும்."

"அம்மாவோ? நோ வே, அங்கிள். அதுதானே அம்மான்ர ஜொப்! அவ பிழையே விடமாட்டா."

"ஐயோ பிள்ளை, உனக்குத் தெரியாது. நாலெண்டு சொன்னா எட்டு. உன்ர அம்மா எத்தினை தரம் ஒரு ரயிலை நிப்பாட்டினவ தெரியுமே?"

"நோ, சீரியஸ்லி. அம்மா, நீங்கள் எப்ப பிழையா எண்ணினீங்கள்?"

மலர் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை, காது மட்டும் சிவந்திருந்தது. யோசப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு ரயிலுக்கு எப்படித் தண்ணீர் கணக்கு என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கை வருடக்கணக்காக அவளிடமே விளக்கிக் களைத்தவன் நான்.

ஒரு வசனம் போதும். 'அவ ஏன் எப்பவும் குறைச்சே சொன்னவ, யோசப்?' கேட்டால் அவன் கரண்டியை வைத்துவிட்டு யோசிப்பான். மடையன் அல்ல. ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவான். அந்த வசனம் என் நாக்கில் வந்து நின்றது, உப்புப்போல.

"மருந்துக்கடையில மிசின் எண்ணுது, பிள்ளை," என்றேன். "வீட்டில பார். உன்ர அம்மாவுக்கு எப்பவும் ஒண்டு கூடும், ஒண்டு குறையும்."

"சொன்னன்தானே!" என்று யோசப் மேசையில் தட்டினான்.

மருந்துக்கடையில் மிசின் கிடையாது. மலர் என்னைப் பார்த்த பார்வையை எடுக்கவில்லை. பிறகு கரண்டியில் இருந்த சோற்றை என் கோப்பையில் போட்டாள். நான் போதும் என்று கையால் மறித்த பிறகும் போட்டாள்.

பின்னேரம் மயூரியை அஜக்ஸ் ஸ்ரேஷனில் இறக்கிவிட்டு யோசப்பை ரெக்ஸ்டேலுக்குக் கொண்டுபோனேன். இறங்கும்போது கையைப் பிடித்து, "யூலையில ரெண்டு பேரும் வாங்கோ அண்ணை. பிரேக்கை உங்கட கையில தாறன்," என்றான். மெய்யாகத்தான் சொன்னான். எனக்கு அந்தப் பிரேக்கைப் பிடிக்க ஆசையாகவும் இருந்தது. அதற்காக அவனை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கணவாய் மணம் போக யன்னல்களைத் திறந்துவிட்டிருந்தாள். குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், சேலையை மாற்றியிருந்தாள். நான் மேல்மாடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினேன். கீழே கேத்திலின் மூடியைத் திறக்கும் சத்தம்.

"மூண்டு," என்றாள் மலர்.

வாய்க்குள் அல்ல. படிக்கட்டு வழியே மேலே வருமளவுக்கு.

நான் அறைக்கு வெளியே வந்தேன். வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். யோசப் இன்னும் அவளுடைய எண்ணிக்கையில் இருக்கிறானா? அல்லது இத்தனை காலத்துக்குப் பிறகு, எனக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாளா? அவனுக்கு ஒருநாளும் கூட்டிச் சொல்லாதவள்.

மேலே நிற்பவன் எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றேன். கீழே கேத்திலுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கு வேண்டிய அளவைத் தாண்டி, மூன்று பேருக்கு வேண்டியதையும் தாண்டி, அவள் குழாயைப் பூட்டாமல் நின்றாள்.